முதல் ஓட்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கச்சியின் கை எலும்பு கூடிவிட்டது. குடம் தூக்குகிறாள். யார் கேட்டாலும், "அவுரு வூட்ல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றுதான் இன்னும் சொல்கிறாள்.

உங்கள் பழைய காரில் எட்டு சிலிண்டர் அமெரிக்க இன்ஜினை ஏற்றச் சொன்னீர்கள். சிலிண்டர்களை அகலமாகக் கடைந்து, வீச்சு நீண்ட கிராங்க் போட்டு, ஐந்நூறு குதிரைச் சக்தி வரவைத்தேன். இதற்குப் பழைய பிரேக் தாங்காது என்றேன். "பிரேக்கு இன்னாத்துக்கு மச்சான்? வேகந்தான் வேணும்" என்று சிரித்தீர்கள். பழைய பிரேக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

என் பட்டறையில் இன்ஜின் கட்டிய எந்த வண்டியையும் முதலில் நானே வெள்ளிமலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுப்பேன். அன்று மட்டும் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சாவியை உங்களிடமே நீட்டினேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டீர்கள்.

மலை ஏறும்போது வண்டி பறந்ததாமே. இறங்கும்போதுதான் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள்.

உங்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று உங்கள் அம்மா ஆள் அனுப்பியிருந்தார்கள். வெளியில் வாங்க வேண்டாம். நானே செய்து அனுப்புகிறேன்.

அதில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்