ஏழை விட்டு நகராத முள்

1972 மார்ச் 6, திங்கள்

ரப்பர் பால் தொட்டியில் கபிரியேல் பாலை உறைய வைக்கும் எசிட் ஊற்றிக் கலக்கிய பிறகும் பி.எச். மீட்டரின் முள் ஏழிலேயே நின்றது. ஐந்துக்கு இறங்கியிருக்க வேண்டும். தோட்டத்துத் துரை தொட்டியைப் பார்க்கவில்லை, கபிரியேலைப் பார்த்தார்.

“யட்டவத்த ஊருல யாருக்குடா எசிட்ட வித்தே?”

லெப் என் பொறுப்பு. எனக்கும் சந்தேகம்தான்.

மார்ச் 7

கபிரியேலை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனால் அவர் குடியிருக்கும் லயத்து அறையும் போகும்.

நேற்றைய பால் இறுக்கமாக, சீராக உறைந்து கிடக்கிறது. எசிட் குறைவென்றால் இது எப்படி?

மார்ச் 8

மீட்டரின் கண்ணாடி முனையில் பால் காய்ந்து படிந்திருந்தது. கழுவினேன். மறுபடியும் ஏழு.

லெப் உதவியாளர் இத்ரூஸ் சிரிக்கிறார். “மிஸ், தினம் காலையில சோதனைத் தண்ணியில வச்சுப் பாக்குறேன். கரெக்டா ஏழு காட்டுது. இதுக்கு மேல மெஷின் சத்தியம் வேற பண்ணணுமா?”

எந்தத் தண்ணீர்? ஏழு காட்ட வேண்டிய தண்ணீர்! நாலு காட்ட வேண்டிய சோதனைத் தண்ணீரைத் தயாரிக்க, கரைக்கும் மாத்திரை இல்லை. இறக்குமதி நின்று மாதக்கணக்காகிறது. எதில் வைத்தாலும் ஏழு காட்டும் மீட்டர் என்றால், இவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மார்ச் 9

எசிட் போலப் புளிக்கும் தேசிக்காய்ச் சாற்றில் வைத்தேன் — ஏழு. சவர்க்காரத் தண்ணீரில் — ஏழு. பூதக்கண்ணாடியில் பார்த்தால், முனையின் குமிழில் முடி போல ஒரு வெடிப்பு.

துரை நம்புவாரா? நான்தான் உடைத்தேன் என்பாரோ? மீட்டரை அலுமாரியில் பூட்டிச் சாவியை எடுத்து வந்துவிட்டேன். யாரையும் நம்புவதற்கில்லை.

மார்ச் 10

விசாரணையில் மீட்டரை மேசையில் வைத்தேன். தேசிக்காய்ச் சாறும் சவர்க்காரத் தண்ணீருமாக இரண்டு கோப்பைகளை வைத்து, “நீங்களே பாருங்கள்” என்றேன். துரை முனையை மாற்றி மாற்றி வைத்தார். ஏழு. ஏழு.

இத்ரூஸ் என் காதருகே, “தேசிக்காயும் எசிட்ட வித்துப்புடுச்சு போல மிஸ்.”

“நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க” என்றார் துரை — என்னிடம். கபிரியேல் பக்கத்தில்தான் நின்றார்.

மார்ச் 15

புது முனை எப்போது வருமோ. அதுவரை நிறம் மாறும் தாளை வைத்துத்தான் சோதனை.

தொட்டி நிரம்பியதும் கபிரியேல் லெப் வாசலில் வந்து நிற்கிறார். தினமும்.

“மிஸ், வந்து பாருங்க. நீங்க பாத்தாத்தான் ஊத்துவேன்.”

“நான் உங்களை நம்புறேன், கபிரியேல்.”

“சரிங்க மிஸ். வந்து பாருங்க.”

எழுந்து போனேன்.