நான் குறுக்கே பாடிய கதை

என் அடுத்த வீட்டு ஹருக்கோ அக்காவுக்கு, அன்போடும் நிறையக் குழப்பத்தோடும் பரமேஸ் எழுதுவது.

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. லண்டன் குட்மேய்ஸில் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினான்கு வருடம், அரைகுறை ஆங்கிலத்திலேயே கதைத்துச் சமாளித்தோம். நீங்கள் என்னைப் பரமேஸ் சான் என்றீர்கள், நான் உங்களை அக்கா என்றேன், ஏன் என்று இருவருமே கேட்கவில்லை. இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில் எல்லாப் பாஷையும் விளங்கும் என்று நம்புகிறேன். அப்படித்தானே?

போன சனிக்கிழமை அந்தப் படகில் போனேன், அக்கா. நீங்கள் வாங்கி, பிரிட்ஜின் கதவில் காந்தம் போட்டு ஒட்டி வைத்திருந்தீர்களே இரண்டு டிக்கெட், ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. உங்களுடைய இடத்தில் உங்கள் மகன் கென்ஜி வந்தார்.

டிக்கெட்டில் ஒரு படம் இருந்தது. கிமோனோ உடுத்த ஒரு ஜப்பான்காரர், மெத்தை ஒன்றில் முழங்காலிட்டு, மடித்த விசிறியைக் கையில் வைத்திருந்தார். இவர்தான் தேம்ஸ் நதியைச் சுற்றிக் காட்டுவார் என்று சொன்னீர்கள். இது என்ன வேடிக்கை என்று கேட்டதற்கு, ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினால் நீளும், வந்து பார், சிரிப்பாய் என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்குக் கட்டிலை விட்டு எழும்பவே ஏலாமல் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னை விடவில்லை. "இந்த மனுசன் மெத்தையிலை இருந்து பகிடி சொல்ல நீ காசு குடுத்துப் போய்ச் சிரிக்கப் போறியோ? நான் முப்பது வரியமா வீட்டிலை சும்மா சொல்லுறன். ஒருநாள் சிரிச்சனியோ?" என்றார். காசு கொடுத்தது அக்கா என்று சொன்னேன். "அப்ப போ. செத்தவை வாங்கித் தந்ததை வேண்டாம் எண்டு சொல்லக் கூடாது" என்றார். அவரும் உங்களைத் தேடுகிறார், வெளியே காட்டமாட்டார்.

போகவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, அக்கா. கென்ஜியோடு இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருக்கப் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கணவர் போனபின் ஒசாகாவுக்கு வந்துவிடுங்கள் என்று அவர் கூப்பிட்டதும், இதுதான் என் வீடு என்று நீங்கள் மறுத்ததும், அதிலிருந்து அவர் போன் எடுக்காமல் விட்டதும் எனக்குத் தெரியும். ஆறு வருடம். நீங்கள் போனதற்கு அடுத்த நாள்தான் அவர் வந்து சேர்ந்தார். கையில் இருந்த பையைக் கீழே வைக்கவுமில்லை, வாசலில் நின்றபடியே என்னிடம் கேட்டார்: "அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாரா?"

நித்திரையிலேயே போய்விட்டார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அந்தப் பிற்பகலை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கவுன்சிலில் இருந்து வந்து உங்களைத் துடைத்துவிடுகிற பிள்ளை அப்போதுதான் போயிருந்தாள். நான் கட்டிலருகே இருந்தேன். நீங்கள் திடீரென்று கண்ணைத் திறந்து, ஜப்பான் பாஷையில் பேசத் தொடங்கினீர்கள். தலையணையில் தலையை இடப்பக்கம் திருப்பி, கரகரத்த ஆண்குரல் ஒன்று. வலப்பக்கம் திருப்பி, மெல்லிய கிழவிக் குரல் ஒன்று. நடுவில் இன்னொருவன் கோபத்தில் பொரிந்து தள்ளினான். மூன்று பேரும் நீங்கள்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். டாக்டர் சொல்வது விளங்காவிட்டால் அந்தச் சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் ஆறுதலாக இருந்து அர்த்தம் தேடுவேன். பள்ளிக்கூடம் தராத என் ஆங்கிலம் முழுக்க அப்படிப் பொறுக்கியதுதான். அன்றைக்கும் கை தானாகப் போய்விட்டது. கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

பிறகு பயம் பிடித்துவிட்டது. அறையில் நம்மைத் தவிர யாரோ நிற்கிறார்கள், நீங்கள் அவர்களோடு வாதாடுகிறீர்கள் என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் எமதூதர் வந்து நிற்பார்கள், போகிறவருக்கு மட்டும்தான் தெரியும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பேனையை வைத்தேன். கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து உங்கள் நெற்றியில் பூசினேன், உங்களைக் கேட்காமலே. பதிகம் ஒன்றைச் சத்தமாகப் பாடினேன்.

நீங்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தீர்கள். வாய் பாதி திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டீர்கள். அதை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

இதை எப்படி மகனிடம் சொல்வது? அந்தக் கோபக் குரல் அவரைத் திட்டியதாக இருந்தால்? தாயின் கடைசிச் சாபத்தை என் கையெழுத்தில் எடுத்துக் கொடுப்பதா? கொப்பியைப் பற்றி மூச்சே விடவில்லை.

இனிப் படகுக்கு வருகிறேன். வெஸ்ட்மின்ஸ்டர் துறையில் ஏறினோம். மேல்தட்டில் ஒரு மேசையை அசையாமல் டேப் ஒட்டி வைத்து, அதன்மேல் மெத்தை. அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி முழங்காலிட்டு எல்லோரையும் வணங்கினார். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் எந்தக் கட்டடத்துக்கும் வருடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. விசிறியைத் துடுப்பாக்கினார், பிறகு அதையே சாப்பிடும் குச்சியாக்கி இல்லாத நூடில்ஸை உறிஞ்சினார். அலை வந்து படகு ஆடும்போதெல்லாம், தேம்ஸ் பதிலுக்கு வணங்குகிறது என்று சொல்லித் தானும் குனிந்தார். சனம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லண்டன் பிரிட்ஜைத் தாண்டியதும் அந்தப் பாலத்தையும் அடுத்து வருகிற டவர் பிரிட்ஜையும் சண்டை பிடிக்க விட்டார். இடப்பக்கம் தலையைத் திருப்பினால் லண்டன் பிரிட்ஜ், அலங்காரம் ஒன்றுமில்லாத, எரிச்சல் பிடித்த அக்கா. "என் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து எல்லாரும் உன்னையல்லவா படம் எடுக்கிறார்கள்?" வலப்பக்கம் திருப்பினால் டவர் பிரிட்ஜ், இரட்டைக் கோபுரம் வைத்த ஒய்யாரக்காரி. "நான் என்ன செய்ய, அக்கா? நீ ஒரு நாளாவது தலை சீவியிருக்கிறாயா?"

படகே சிரிப்பில் குலுங்கியது. நான் மட்டும் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே திருப்பம். இடப்பக்கம் ஒரு குரல், வலப்பக்கம் ஒரு குரல், நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. நான் கென்ஜியின் கையைப் பிடித்து, அவர் ஏன் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுகிறார் என்று கேட்டேன். ஒரே ஆள் பல பேராகப் பேசவேண்டும், ஆளுக்கொரு பக்கம் என்றார். அம்மாவின் அப்பா இப்படிக் கதை சொல்லுவதில் கெட்டிக்காரர், அம்மாவும் எனக்குச் சின்ன வயதில் சொல்லுவார் என்றார்.

அக்கா, எமதூதர் ஒருவரும் வரவில்லை. நீங்கள் பகிடிக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் அழுதுகொண்டு பதிகம் பாடினேன்.

இடைவேளை விட்டதும் கென்ஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருநீறு பூசியதையும் மறைக்கவில்லை. அவர் கொப்பி கையில் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையில்தான் இருந்தது. "வாசியுங்கள்" என்றார்.

பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தேன். அர்த்தம் தெரியாது, ஆனால் நீங்கள் சொன்ன விதம் காதில் இருந்தது. கரகரத்த குரலைக் கரகரப்பாக, கிழவியை மெல்ல. தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்த கதைக்காரர் நின்றுவிட்டார். பிறகு எங்கள் பெஞ்சுக்கு முன்னால், வெறும் தரையில் முழங்காலிட்டு இருந்து கேட்டார்.

முடித்தேன். "பிறகு?" என்றார் கதைக்காரர்.

பிறகு இல்லை, நான் பாடிவிட்டேன் என்றேன்.

இந்தக் கதை தனக்குத் தெரியாது, ஏதோ ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்த கதை போலிருக்கிறது என்றார் அவர். தங்கள் தொழிலில் எல்லாமே கடைசி வரிக்காகத்தான், அதைச் சொல்லித் தலை குனிந்த பிறகுதான் மெத்தையை விட்டு எழும்பலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கென்ஜியைப் பார்த்தார்.

கென்ஜி தண்ணீரைப் பார்த்தபடியே கதையை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு ஒருவன் வீட்டை விட்டுப் போகிறான். ஆற்றைக் கடக்கத் தோணி ஏறுகிறான். தோணியில் முகம் தெரியாத அளவு பெரிய பனையோலைத் தொப்பி போட்ட ஒரு கிழவியும் இருக்கிறாள். வழி முழுக்க அவன் தன் தாயைத் திட்டுகிறான். சூப்பில் உப்புக் கூட, குறட்டை, ஓயாத புத்திமதி. கிழவி, "ஐயோ, பொல்லாதவள்தான்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒத்துப்போகிறாள். கரகரத்த குரல்காரத் தோணிக்காரன் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றுகிறான். கரை வந்ததும் மகன் கிழவியிடம் சொல்கிறான், "நீங்கள் எனக்குத் தாயாக இருந்திருந்தால் நான் வீட்டை விட்டுப் போயிருக்கவே மாட்டேன்."

அந்த இடத்தில்தான் நான் பாடத் தொடங்கியிருக்கிறேன்.

கென்ஜி கழுத்தை வலப்பக்கம் திருப்பினார். உங்கள் மெல்லிய குரலில், முதலில் உங்கள் பாஷையில் சொன்னார், பிறகு எனக்காக ஆங்கிலத்தில். கிழவி தொப்பியைக் கழற்றி, மடியில் இருந்த பொதியை நீட்டுகிறாள். "இந்தா, சோற்றை விட்டுவிட்டு வந்துவிட்டாய்."

கதைக்காரர் நெற்றி தரையில் படக் குனிந்தார். முதலில் சிரித்தது கென்ஜிதான். சிரித்தார், பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை.

"கடைசி வரியை நான்தான் மறித்துவிட்டேன், தம்பி" என்றேன்.

"இல்லை" என்றார் அவர். "அது எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியும்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை, அக்கா. அந்தக் கதையை அவருக்கா சொன்னீர்கள், எனக்கா? நான் சிரிப்பேன் என்று காத்திருந்தீர்களா? நிறுத்தியது என் பாட்டுக்காகவா, மூச்சு முடியாமலா? நெற்றியில் திருநீறு பட்டபோது அது என்ன என்று உங்களுக்கு விளங்கியதா? கோயிலில் நின்றும் இதைத்தான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரருக்குக் கதையைச் சொன்னேன். கடைசி வரிக்குச் சிரிக்காமல், "பாவம், அந்தச் சோறு ஆறிப்போயிருக்கும்" என்றார். கென்ஜி ஒசாகாவுக்குத் திரும்பும் பயணத்தை இரண்டு கிழமை தள்ளிப் போட்டிருக்கிறார். உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திருநீறு பூசியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். என் கையில் உங்களுக்குத் தர அதைவிடப் பெரிது ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருடைய கட்டிலருகே இருந்தாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். முதலில் கேட்பேன். பாட்டுப் பிறகு.

மதிலுக்கு இந்தப் பக்கத்தில் இருந்து,
உங்கள் தங்கச்சி,
பரமேஸ்வரி