தாளாளர் நீக்கிய சொல்

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்குச் சளி விட்டது. உங்கள் முழங்கால் தேவலையா?

எங்கள் நர்சரியில் மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டினோம். பிள்ளைகள் கையில் போகிற நோட்டீஸாம், 'மார்பகம்' கூடாதென்று தாளாளர் எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் எங்கே பால் குடித்தார்களாம்? அந்த நோய் விழிப்புணர்வுக்கான நிறத்தை வைத்து 'பிங்க் டே' என்று மட்டும் நோட்டீஸ் போனது. எஸ்டேட் தாய்மார்கள் தாளாளரின் பிறந்தநாள் என்று நினைத்து கேக் கொடுத்தனுப்பினார்கள். அவரும் வெட்டினார்.

ஆயா இசக்கியம்மா, "ஏனுங்க டீச்சர், எதுக்குங்க இந்த வசூலு?" என்றார். சொன்னேன். "எனக்கும் ஆறு மாசமா அங்க கட்டி இருக்குதுங்க. யாருகிட்டச் சொல்றது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளை அவரைக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். லீவு லெட்டரில் அந்தச் சொல்லை முழுதாக எழுதியிருக்கிறேன்.

கம்பளி சாக்ஸ் அனுப்புங்கள். போன முறை நான் வீட்டுக்கு வந்தபோது "இங்க வலிக்குது" என்று தொடங்கிப் பேச்சை மாற்றினீர்களே, எங்கே என்று எழுதுங்கள்.

ஜெனிஸ்