மேஜைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்தினேன். கிளம்பும்போது அண்ணன் போன். "அம்மாவுக்குக் கண்ணுல புரை முத்திடுச்சு. எனக்கு வெளியூர் வேலை. ஆபரேஷன் முடியற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்."

நான் பெண்ணாக வாழத் தொடங்கி ஆறு வருடம். அம்மா என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்பாவின் சாவில் தூரத்திலிருந்து என்னைப் பார்த்ததோடு சரி. அனுப்பி வை என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 6, வெள்ளி

வந்துவிட்டாள். இரண்டு கண்ணிலும் மூட்டம். வாசலில் நின்று என் முகத்தைத் தடவினாள். "பாப்புவா?" என்றாள்.

பாப்பு, அம்மாவின் முதல் குழந்தை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவள்.

பையை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

இன்று மட்டும் நாலு முறை. "பாப்பு, தண்ணி குடு." கொடுத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா தூங்குகிறாள். எழுதிவிடுகிறேன், எழுதினாலாவது போகிறதா பார்ப்போம்.

எனக்கு நாலு வயது. அம்மா வீட்டிலேயே துணி தைப்பாள். துணி வெட்டுகிற மேஜை மேல் ஒரு பழைய போர்வை, நாலு பக்கமும் தரைவரை தொங்கும். இந்தப் பக்கம் கால்சட்டையோடு நுழைவேன். அந்தப் பக்கம் மஞ்சள் பூப்போட்ட கவுனோடு வெளியே வருவேன்.

"வாங்கம்மா, என்ன தைக்கணும்?" என்பாள் அம்மா.

"ஜாக்கெட்டு. போன தடவை கை பிடிச்சிடுச்சு, இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா தைங்க" என்று அதட்டுவேன். அம்மா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சிரிப்பாள். மேஜைக்கு அடியில் இருட்டில் உடை மாற்றுகிற அந்தக் கொஞ்ச நேரம் — அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

ஒரு மதியம் அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். கவுனைப் பார்த்ததும் கையை ஓங்கினார். அம்மா குறுக்கே பாய்ந்தாள். "அடிக்காதீங்க! அது பாப்பு! பாப்புதான் வந்திருக்கா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்துக் கவுனைத் துண்டு துண்டாக நறுக்கினார். அந்தத் துண்டுகள் வருடக்கணக்கில் தையல் மெஷினுக்கு எண்ணெய் துடைக்கும் துணியாகக் கிடந்தன. மஞ்சள் பூ கறுத்துக்கொண்டே வந்தது.

"செத்தவ கவுனப் போட்ட, அதான் அவ உன் மேல ஏறிட்டா" என்பான் அண்ணன். அவனுக்கு விளையாட்டு. எனக்கு அது முப்பத்துநாலு வருடம்.

கண்ணாடி முன் நின்று மை தீட்டும்போதெல்லாம் — இது யாருடைய ஆசை? எனக்கா, அவளுக்கா? டாக்டர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இதை மட்டும் விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் நான் பெண் இல்லை, பேய் பிடித்த ஆண் என்று ஆகிவிடாதா?

மார்ச் 10, செவ்வாய்

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. கூட வந்தது யார் என்று கேட்டார்கள். "என் பொண்ணு, பாப்பு" என்றாள் அம்மா. மகள் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நாளை கட்டுப் பிரிப்பார்கள். மூட்டம் இல்லாத கண்ணால் என் தாடையை, இந்த அகலமான கைகளைப் பார்ப்பாள். பாப்பு போய்விடுவாள். பிறகு நான் யார் அவளுக்கு? பழையபடி பையனா? பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

மார்ச் 11, புதன்

கட்டுப் பிரித்தார்கள். அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இளைச்சிட்ட" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "பாப்பு கவுன எனக்கு ஏம்மா போட்டுவிட்ட?"

"எந்தக் கவுனு?"

"மஞ்சப் பூப் போட்டது."

"பைத்தியமே, அவ எட்டு மாசத்துல போனவடி. அவ கவுனு உன் முழங்கைக்கு மேல ஏறியிருக்குமா? அது உனக்கு அளவெடுத்து நான் தச்சது. மூணு நாள் என் பின்னாடியே சுத்தி உசிர வாங்கின, மஞ்சத் துணிதான் வேணும்னு."

"அப்பாகிட்ட பாப்புன்னு சொன்னியே?"

"வேற எதச் சொல்லி அந்தக் கைய நிறுத்தறது? செத்த புள்ளைய அடிக்க மாட்டாருன்னு வாயில வந்ததச் சொன்னேன்."

"இங்க வந்ததுலேர்ந்தும் பாப்பு பாப்புன்னியே?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பழைய பேரு உனக்கு ஆகாது. புதுப் பேரு என்னன்னு என்கிட்ட சொன்னியா நீ? ஒரு தடவையாச்சும்?"

இல்லை. சொல்லவே இல்லை. அவள் கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை.

எட்டு மாதக் குழந்தையின் கவுன் நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பற்றும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? தையல்காரி பெற்ற பிள்ளை! தேம்பித் தேம்பி அழுதேன். பேரைச் சொன்னேன். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சின்னதா வச்சிருக்கலாம்."

மார்ச் 13, வெள்ளி

மை தீட்டினேன். எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணைக் காட்டப் போயிருந்தோம். சொட்டு மருந்து விட்ட நர்ஸ், "பொண்ணாம்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது பொண்ணு" என்றாள் அம்மா. "மூத்தவ கைக்குழந்தையிலயே போயிட்டா."

பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மாவை உட்கார வைத்தேன். அக்கா எப்படி இருப்பாள் என்று கேட்டேன். தலை நிறைய முடியாம். வாயை மூடவே மாட்டாளாம்.