சந்தை முக்கில் கிடக்கும் அட்டை

ஆரியங்கோடு,
ஆகஸ்ட் 1954.

அன்பு மகன் ஜெயதாசுக்கு அம்மா எழுதுவது. பம்பாயில் நீ சுகமாயிருக்க கர்த்தர் கிருபை செய்வாராக. நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் இந்த முறை கை வரவில்லை. தபாலில் போடப் பயந்து, பம்பாய்க்கு வேலைக்குத் திரும்புகிற நம்மூர் ராஜதாஸ் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

சபைக்கு விளக்குச் சிம்னி வைத்து நீ அனுப்பிய அட்டைப்பெட்டி நினைவிருக்கிறதா? உன் கம்பெனியில் செய்தது, இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாய் ஒரு தாள் வைத்து மாவுப் பசையால் ஒட்டினால் மரப்பெட்டியே தோற்கும் என்று பெருமையடித்தாயே. உண்மைதான், ஒரு கண்ணாடியும் உடையவில்லை. பிறகு அதில் பாட்டுப் புத்தகம் வைத்தோம், அதன்பின் கோழி அடைகாத்துப் பதினொரு குஞ்சு பொரித்தது. போன வாரம் ஊர்வலம் என்றதும் உன் அப்பா ஒரு பக்கத்தை அறுத்தெடுத்து, ஓலைத்தட்டி காத்துக்கு மடங்கும், இது நல்ல விறைப்பாக்கும் என்று சொல்லி, நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டோடு சேர் என்று எழுதிக்கொண்டு போனார். மை காய விசிறிக் கொடுத்தவள் நான். எழுத்தின் அழகைப் பார்த்தோமே தவிர, பின்னால் திருப்பிப் பார்க்க இருவருக்கும் புத்தியில்லை.

சந்தை முக்கில் போலீஸ் லத்தியை வீசியதும் அட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வீங்கிய முழங்கையோடு அவரை அன்றே ஒற்றசேகரமங்கலத்தில் உன் சித்தி சுகுமாரி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். யார் கண்ணிலும் படக்கூடாதென்று மீதிப் பெட்டியை அடுப்பில் வைக்கப் போனபோதுதான், ரயில் பார்சலுக்காக நீ கொட்டை எழுத்தில் அப்பா பெயரும் விலாசமும் எழுதிய பக்கம் அதில் இல்லை என்று தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, மக்களே ஜெயதாசே.

பக்கத்து வீட்டுத் தங்கையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பயப்படாண்டாம் அக்கா, போலீசுகாரனுவ அந்த அட்டைய தரையில போட்டு மேல இருந்து பீடி வலிக்கானுவ, விலாசம் எழுதின பக்கம் மண்ணப் பாத்தாக்கும் கெடக்கு என்றான். எப்படிப் பயப்படாமல் இருப்பது? ஒருத்தன் எழுந்து திருப்பிப் போட்டால் போதுமே. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீசோ என்று வேலிக்கு ஓடிப் பார்க்கிறேன். சிம்னிப்பெட்டி வரும்போது நனையக்கூடாதென்று ஜெபித்தவள் நான், இப்போது மழைக்காக முழங்காலில் நிற்கிறேன். மூன்று நாளாய் ஒரு துளியில்லை.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. நான் சொல்லும்வரை ஊருக்கு வராதே. வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் பசை விட்டுப்போக எத்தனை மழை வேண்டும்?

உன் அம்மா,
செல்லபாய்