அடி வாங்கித் தேர்ந்தெடுத்த கையுறை

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் சித்தி என்னைவிட நலம், பட்டறையில் தையல் மெஷின் மட்டும் வழக்கம்போல இருமிக்கொண்டே ஓடுகிறது. என் இடது தோள் கொஞ்சம் நலமில்லை, ஆனால் அது பெருமைப்பட வேண்டிய நலமின்மை, அந்தக் கதைக்காகத்தான் இந்தக் கடிதமே. அங்கே நீயும் உன் அறைத்தோழியும், முக்கியமாக அவளுடைய மூக்கும், சுகமாக இருப்பதாகப் பதில் வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

உன் கடிதத்தைச் சித்தி சத்தமாகப் படித்தாள். குத்துச்சண்டைப் பயிற்சியில் நேருக்கு நேர் நின்று பழகும்போது உன் குத்தில் தோழியின் மூக்கு உடைந்தது என்ற வரி வந்ததுமே நான் பாதியில் எழுந்து முடிவெட்டும் கடைக்குப் போய்விட்டேன், இப்படிப்பட்ட சேதியை உட்கார்ந்து கேட்க முடியுமா, எங்கள் வீட்டுப் பெண்ணின் ஒரே குத்து என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் அதே சேதி திரும்பி என்னிடம் வந்தபோது மூன்று ஆம்பளைகளின் மூக்கு உடைந்திருந்தது. நான் மறுக்கவில்லை. ராத்திரி சித்தி மீதியைப் படித்துக் காட்டினாள், அப்போதுதான் வாயை மூடினேன். தோழி மூக்குக் கட்டைப் பிரித்த மறுநாளே உன்னை வா வா என்று கூப்பிடுகிறாள், போட்டி நெருங்குகிறது, உன்னை விட்டால் அவள் எடைக்கு அங்கே ஆள் இல்லை, நீயோ இனிமேல் தொங்குகிற பையைத்தான் குத்துவேன், ஆள்மேல் கை வைக்கமாட்டேன் என்று சுவரோரம் நிற்கிறாய். இதை எப்படிச் சரிசெய்வது என்று யோசித்தேன். நல்ல கையுறை வாங்கி அனுப்பினால் பெண்ணுக்குத் தைரியம் வந்துவிடும் என்று தோன்றியது. மெத்தை சம்பந்தப்பட்ட எதுவும் என் கட்டைவிரலை ஏமாற்ற முடியாது, இந்த ஊரில் ஓடுகிற பஸ்ஸில் பாதிப் பஸ்ஸின் சீட்டு என் கைபட்டது, மீதிப் பாதியில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே போவதுதான் நல்லது.

விளையாட்டுச் சாமான் கடையில் எல்லாக் கையுறையையும் அமுக்கிப் பார்த்து ஒரு சிவப்பு ஜோடியை எடுத்தேன். பத்து அவுன்ஸ் என்று போட்டிருந்தது. சின்னது, சிக்கென்று இருந்தது, பொட்டிப் பூட்டு மாதிரி கெட்டி. கடைக்காரர் நல்லாப் பார்த்து எடுத்தீங்க சார் என்றார், எதை எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று சித்தி இப்போது சொல்கிறாள். சரி, வாங்கியதை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று டயர் கடைக்கு மேலே குத்துச்சண்டை சொல்லித்தருகிற அம்மாவிடம் நானும் சித்தியும் போனோம். அவள் பகலில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், காலையில் வருகிற வேலையைச் சாயங்காலமே தயார் செய்கிறாள் என்று நான் அவளிடமே சொன்னேன், சிரித்தாள், நல்ல பல். அந்த மாடி ஒரே ரப்பர் வாசனை, கைக்குச் சுற்றுகிற துணியெல்லாம் கொடியில் காய்கிறது, நடுவில் கயிறு கட்டிய மேடை. சிவப்புக் கையுறையை எடுத்து நீட்டினேன். இது யாருக்குண்ணே என்று கேட்டாள். எங்க பொண்ணுக்குத்தான் என்றேன். அது தெரியுது, இதால அடி வாங்கப்போறது யாரு என்றாள்.

மகளே, இதைக் கேள். அந்த மாடியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பையைக் குத்துகிற கையுறையை அவரவர் தேர்ந்தெடுக்கலாம். ஆளோடு நிற்பதற்கான கையுறையைப் போடுகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, எதிரில் நிற்கிறவர்தான் தொட்டுப் பார்த்து, கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சரி என்று சொல்லாமல் யாரும் கயிற்றைத் தாண்ட முடியாது. நான் மலைத்துப்போனேன். பெரிய கையுறை என்றால் பெரிய அடி என்றுதானே நினைத்திருந்தேன். பெரிசா இருக்கிறது அடிக்கிறதுக்கு இல்லண்ணே, அடி வாங்குறவங்களுக்காக என்றாள். உட்காருகிறவனுக்கு மெத்தை தைத்தே தலை நரைத்தவன் நான், ஒருத்தி தன் கையில் மாட்டிக்கொள்கிற மெத்தை எதிரில் நிற்கிறவளுக்காகத் தைக்கப்படுகிறது என்று இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே. சித்தியின் போனில் நீ அனுப்பிய படத்தையும் காட்டினோம், நீயும் தோழியும் கையுறையோடு சிரிக்கிற படம். அந்த அம்மா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அட, இது பை குத்துற கிளவுஸ், குத்திக் குத்தி உள்ள இருக்கிற பஞ்சும் செத்துப்போச்சு, இதைப் போட்டுக்கிட்டா ரெண்டு பேரும் நின்னாங்க? உங்க பொண்ணு கையில ஒரு தப்பும் இல்லண்ணே என்றாள். இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படி.

சரி, தோழி அங்கே இருக்கிறாள், தேர்ந்தெடுப்பது யார்? நான் அவளுக்குப் பதில் நிற்கிறேன் என்றேன். கை அளவுக்கு உன் சித்தி இருக்கிறாள், உனக்கும் அவளுக்கும் ஒரே கை என்பதுதான் தெரியுமே, குளிர்காலத்தில் அவள் கையுறையைத் திருடிப் போட்டுக்கொண்டுதானே பள்ளிக்கூடம் போனாய். முதலில் சிவப்பை மாட்டிவிட்டு என் தோளைக் குத்தச் சொன்னாள் பயிற்சி அம்மா. உன் சித்தி தூசி தட்டுவதுபோலத் தட்டினாள். அக்கா, இவர் இதுவரைக்கும் விட்ட கதையையெல்லாம் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க என்றாள் அந்த அம்மா. அவ்வளவுதான். இடி விழுந்த மாதிரி ஒரு குத்து, ஆனாலும் தூண் மாதிரி நின்றேன். இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று, தரையில உட்கார்ந்துட்டீங்கன்னு எழுதுங்க என்கிறாள் சித்தி. தரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகக் கொஞ்சம் உட்கார்ந்தேன், சரிதானே.

நிமிர்ந்து பார்த்தால் சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிறாள், எனக்கு வேண்டாம், நான் இனிமே யார் மேலயும் கை வைக்க மாட்டேன், வாங்க வீட்டுக்குப் போவோம் என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். உன் கடிதத்து வரி அப்படியே. அவள் உன் கடிதத்தை நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது அதுதான். நான் எழுந்து மேடை நடுவில் நின்று வா என்றேன். வரவில்லை. ஒண்ணுமில்லடி, வா என்றேன். திரும்பவே இல்லை. மகளே, நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் என்பது உனக்குத் தெரியும், இதைக் கூட்டாமல் சொல்கிறேன். தோள் வலி அப்போதே அடங்க ஆரம்பித்துவிட்டது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்தக் கயிற்றுக்குள் தனியாக நின்றேனே, அது அடங்கவே இல்லை. அடித்தவள் அழுதுகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டால் அடிபட்டவன் என்ன செய்வான்? உன் தோழி எத்தனை நாளாக அப்படி நிற்கிறாள்?

பயிற்சி அம்மா அலமாரியிலிருந்து பெரிய கையுறைகளை எடுத்து என்னிடம் கொடுத்தாள், சித்தியிடம் இல்லை. எல்லாமே பதினாறு அவுன்ஸ். கன்னத்தில் வைத்து அழுத்தினேன், ஒன்றின் மேல் உட்கார்ந்தும் பார்த்தேன், பழக்கதோஷம். ஒன்று தொட்டவுடன் அமுங்கிவிட்டது, கடையில் சொகுசாக இருந்து தூரப் பயணத்தில் கம்பி குத்துகிற சீட்டு அதுதான், வேண்டாம் என்றேன். ஒன்றில் கட்டைவிரல் தனியாக ஆடியது, கண்ணில் படும், வேண்டாம். நீல ஜோடியில் மேலே மெத்து, அடியில் உறுதி, மணிக்கட்டை நன்றாகப் பிடிக்கிற பட்டை, கையில் துணி சுற்றியபின்பும் விரல் நுனி முட்டவில்லை. இது என்றேன். நானே போய்ச் சித்தியின் கையில் மாட்டிவிட்டு, அதே தோள், அதே இடம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். பாரம் வந்தது, ஆளை ஒரு எட்டுப் பின்னால் தள்ளியது, ஆனால் எலும்புக்குள் எதுவும் இறங்கவில்லை. வலிக்குதா என்றாள், கண்ணைத் திறக்காமல். வலிக்குது, ஆனா உடைக்கிற வலி இல்லை, தள்ளுற வலி என்றேன். அப்புறம் கண்ணைத் திறந்தாள். அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொன்று விட்டாள். அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாளோ. இப்போது வாரம் இரண்டு நாள் அந்த மாடிக்குப் போகிறாள், நானும் சாப்பாட்டை ருசி பார்ப்பதற்கு முன்பே பிரமாதம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பார்சலில் இரண்டு ஜோடியும் வருகிறது. சிவப்பு பைக்கு, நீலம் ஆளுக்கு. நீலத்தைப் பை பக்கம் கொண்டுபோகாதே, பையைக் குத்தினால் அந்த மெத்தை செத்துவிடும், டிரைவர் சீட்டு முதலில் சாவது மாதிரி. ஈரத்தோடு மூடி வைக்காதே, உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் காற்றில் வை. பெரிசு போட்டிருக்கிறோம் என்று முழு பலத்தையும் இறக்காதே, பழகுவது பழகுவதற்குத்தான், தலைக்கும் பல்லுக்கும் கவசம் இல்லாமல் இரண்டு பேரும் கயிற்றைத் தாண்டக்கூடாது என்று பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற அந்த அம்மாவின் உத்தரவு. ஒன்றே ஒன்று, பார்சலைப் பிரித்ததும் நீல ஜோடியில் நீ கையை விடாதே. தோழியிடம் கொடு. அவள் அமுக்கிப் பார்க்கட்டும், உடைந்த மூக்கின்மேல் வைத்துப் பார்க்கட்டும், வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பு, எனக்கு வலது தோள் இன்னும் புதிதாக இருக்கிறது. சரி என்று சொன்னாள் என்றால் அவளையே உன் கையில் மாட்டிவிடச் சொல். அதற்குமேல் சுவரோரம் நிற்க உனக்கு உரிமை கிடையாது.

பலமும் பதமும் சேர்ந்தே உன் கையில் இருக்கட்டும், நீடூழி வாழ்க. அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் உடனே எழுது, மற்றதெல்லாம் மெதுவாக எழுதலாம்.

இப்படிக்கு,
உன் தோழிக்குப் பதில் நின்று அடி வாங்கிய,
சித்தப்பா