நாற்பது செக்கன்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் வெயில். இரண்டு மணிக்குப் பிறகு மழை. நாலு நாளாக இதே கதை.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை:
– மில் மோட்டார், பெயாரிங் மாற்றல் (இன்றும் போகவில்லை. போனால் முதலாளி ஒரு மணி நேரம் நிற்க வைப்பார்.)
– மீட்டருக்கு பேட்டரி
– கொமெண்டுகளுக்குப் பதில். பதில் போட்டால்தான் வீடியோ ஓடுமாம். ஜெரோம் சொல்கிறான். படம் பிடிப்பது, வெட்டுவது, போடுவது எல்லாம் என் சித்தி மகன் ஜெரோம். வயர் வேலையும் பேச்சும் நான். என் முகம் வராது, கை மட்டும்.

ட்ரிப் சுவிட்ச் வீடியோ மூன்று லட்சம் தாண்டிவிட்டது. முழு வீடியோ இல்லை, அது ஒன்பது நிமிடம், யார் பார்க்கிறார்கள். அதிலிருந்து ஜெரோம் வெட்டிய நாற்பது செக்கன். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்துவது ட்ரிப் சுவிட்ச். அது வீட்டில் திரும்பத் திரும்ப விழுந்தால் கோளாறு எங்கே என்று பார்க்க, நான் அதைக் கொஞ்ச நேரத்துக்கு டைரக்ட் பண்ணுவேன். அதாவது கரண்ட் அதற்குள் போகாமல் நேராக வீட்டுக்குள் போகும். கோளாறைப் பிடித்ததும் பழையபடி மாட்டிவிட வேண்டும்.

கொமெண்ட் வாசித்தேன். கட்டார், திருகோணமலை, திருப்பூர். "சேர், எங்க வீட்டு ஃபேன் ஏன் கத்துது?" "முகத்தக் காட்டுங்க ப்ரோ." எங்கள் பலாபத்வல சந்தியில் என்னை யாரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. "டேய் கரண்ட்காரன்" தான்.

ஐந்து நாளைக்கு முன் போட்ட ஒன்று. பெயர்: ரிஸ்வானா தையல். "நன்றி அண்ணா. நீங்க காட்டின மாதிரியே நானே செஞ்சேன். இப்ப விழுறதே இல்ல. நாங்களும் மாத்தளைப் பக்கம்தான்." கீழே என் பெயரில் ஒரு சிவப்பு இதயம். ஜெரோம் போட்டது.

இரண்டு தடவை வாசித்தேன். இப்ப விழுறதே இல்ல. அப்படியென்றால் அந்தப் பெண் திருப்பி மாட்டவில்லை. ஐந்து நாளாக அந்த வீடு காவல் இல்லாமல் ஓடுகிறது.

பதில் போட்டேன்: மெயின் சுவிட்சை உடனே நிறுத்துங்கள். உங்கள் நம்பரை அனுப்புங்கள்.

சத்தம் இல்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

ஒக்டோபர் 8, புதன்

மேகம். மில்லுக்குப் போனேன். பெயாரிங் சைஸ் பிழை, திரும்பி வந்தேன்.

என் நாற்பது செக்கனை இன்றுதான் சத்தத்தோடு பார்த்தேன். முழு வீடியோவில் "இதை இப்படியே விட்டுவிடாதீர்கள், ஆள் செத்துப்போகும்" என்று சொல்லியிருக்கிறேன். நாற்பது செக்கனில் அது இல்லை. லைட் எரிகிறது, முடிந்தது. பார்க்கிறவனுக்கு அதுதான் வைத்தியம்.

ஜெரோமுக்குப் போன் எடுத்து ஏசினேன். அவன் கத்தவில்லை. "ஒனக்கு அனுப்பிட்டுத்தானே போட்டேன். நீதானே போடுன்ன."

உண்மை. கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்தேன். இயர்போன் இல்லை. சத்தம் இல்லாமல் பார்த்துவிட்டு "போடு" என்று அனுப்பினேன்.

அழிப்போம் என்றேன். "அந்த ஒண்ணாலதான்டா நம்மள நாலு பேருக்குத் தெரியும். அழிக்காத. எச்சரிக்கைன்னு மேல ஒரு கொமெண்ட் எழுதிப் போடு." எழுதிப் போட்டேன். யார் வாசிப்பார்கள். நானே வாசிக்கமாட்டேன்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். வயரில் கசிவு எங்கே என்று காட்டும் இன்சுலேஷன் டெஸ்டர் கையில் இருந்தால் டைரக்ட் பண்ணவே தேவையில்லை. என்னிடம் இல்லை. அதனால் குறுக்கு வழி. படித்ததை விட்டுவிட்டுக் குறுக்கு வழியைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

ரிஸ்வானாவிடமிருந்து (இனி ரி.) பதில் இல்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

மழை, காலையிலிருந்தே. வேலைக்குப் போகவில்லை. அம்மா காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ரி.யின் சேனலை முதல் வீடியோவிலிருந்து பார்க்கிறேன். இருபத்துமூன்று வீடியோ. பின்தொடர்பவர்கள் அறுபத்தொரு பேர். கை மட்டும்தான் தெரிகிறது, என் சேனல் மாதிரியே. கழுத்து வெட்டுவது, அபாயாவுக்குக் கை வைப்பது, ஸ்கூல் யூனிஃபோம். ஒரு சொல் வீண் இல்லை. என்னைவிட நன்றாக விளக்குகிறாள். பார்த்தவர்கள் முப்பது, நாற்பது.

ஒன்று மட்டும் நாலாயிரம். தலைப்பு: பாஸ் வராட்டியும் நாமளே பாத்துக்கலாம். பாஸ் என்றால் என்னைப் போன்ற கரண்ட் வேலைக்காரன். கதிரையில் ஏறி நின்று ட்ரிப் சுவிட்சை டைரக்ட் பண்ணுகிறாள். கீழே பெண்கள் வரிசையாக நன்றி சொல்கிறார்கள். என் நாற்பது செக்கன் குட்டி போட்டிருக்கிறது.

கடைசி வீடியோ, மூன்று நாளைக்கு முன். மூன்றாவது நிமிடம். தையல் மெஷினிலிருந்து கையைச் சட்டென்று எடுக்கிறாள். சிரிக்கிறாள். "கொஞ்சம் கரண்ட் பிடிக்குது. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணுமில்ல." செருப்பை இழுக்கும் சத்தம். பிறகு தைக்கிறாள்.

நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். சீமெந்துத் தரை. தகரத்தில் மழை விழும் சத்தம். ஒரு ரப்பர் செருப்பு. அவளுக்கும் நிலத்துக்கும் நடுவில் அவ்வளவுதான்.

வீடு எங்கே? குறித்துக்கொண்டவை:
– பேக்கரிச் சாமான் விற்கும் சூன் பாண் வண்டியின் பாட்டு (எல்லா ஊரிலும் வரும், பிரயோசனம் இல்லை)
– பள்ளிவாசல் பாங்கு, கிட்டத்தில்
– சுவரில் கலண்டர், எழுத்து தெரியவில்லை
– 17ஆவது வீடியோ: நூல் போட்டு வைத்த ரோஸ் பை. கடைப் பெயர் பாதி மடிப்பில். கீழே "யட்டவத்த".

சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் இரண்டு கொமெண்ட் போட்டேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இருக்கட்டும்.

ஒக்டோபர் 10, வெள்ளி

மாத்தளைக்கு வந்து பஸ் மாறி யட்டவத்த. பையில் மீட்டர், வயர், டேப். நிலத்தில் இறக்கும் ஏர்த் ரொட் எடுத்து வரவில்லை. மடையன்.

கடையைக் கண்டுபிடித்தபோது ஜும்ஆத் தொழுகைக்காகப் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் என் நாற்பது செக்கனுக்கு இன்னும் அறுநூறு பேர் கூடியிருந்தார்கள்.

கடை முதலாளி வந்து திறந்தார். வெள்ளைத் தொப்பி, ஐம்பது வயது இருக்கும். ரிஸ்வானா என்று தைக்கிறவங்க வீடு எது என்று கேட்டேன். பிழையான கேள்வி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்புள வெளிநாட்டுல ஈக்கிற புள்ளட வூட்ட, யாருன்னே தெரியாத பொடியனுக்கு நான் காட்டணுமா?"

ட்ரிப் சுவிட்ச், ஏர்த் என்று விளக்கினேன். முகம் மாறவில்லை. வாயை மூடிக்கொண்டு போனை நீட்டினேன். மூன்றாவது நிமிடம். கரண்ட் பிடிக்குது, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணுமில்ல. அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "நம்மட நூல்தான் அது" என்றார். பிறகு அவரே போன் எடுத்தார், ரி.யின் மாமியாருக்கு. மற்றதெல்லாம் பிறகு, முதலில் மெயினை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நிறுத்தியாச்சு என்று மறுபக்கம் சொல்லும்வரை போனை வைக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் குடையோடு கூடவே வந்தார்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இறக்கத்தில் வீடு. மாமியார் வாசலில். ரி. உள்ளே கதவோரம். முப்பது வயதுக்குள்தான். போர்டைத் திறந்தேன். நான் காட்டிய மாதிரியே, ஒரு நூல் பிசகாமல், டேப் சுற்றியதுகூட என் மாதிரி.

வாயில் வந்துவிட்டது: "யாரு இத இப்புடிச் செய்யச் சொன்னா?"

"நீங்கதானே அண்ணா."

முதலாளி இருமினார். நான் மீட்டரை எடுத்தேன். வேறு என்ன செய்ய.

கோளாறு இரண்டு. மெஷின் மோட்டாரின் வயர் இரும்பில் உரசித் தோல் போய்விட்டது. கரண்ட் மெஷின் உடம்புக்கே வந்துவிட்டது. ஏர்த் சரியாக இருந்தால் அது நிலத்துக்குள் போயிருக்கும். பாத்ரூமுக்கு சீமெந்து போட்டவன் ஏர்த் வயரை வெட்டிவிட்டிருக்கிறான். ஆகவே கரண்டுக்கு நிலத்துக்குப் போக ஒரே வழிதான் இருந்தது, ரி.

முன்பெல்லாம் சுவிட்ச் எப்போது விழும் என்று கேட்டேன். தைக்க உட்கார்ந்தால்தான் என்றாள். கை வைத்ததும் விழும். அதனால்தான் சுவிட்ச் பழுது என்று நினைத்தாளாம்.

"அது பழுதில்ல தங்கச்சி. நீங்க தொட்டதாலதான் விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் உங்களக் காப்பாத்தத்தான் விழுந்திருக்கு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "ஒரு நாள்ல மட்டும் ஒம்பது தடவ விழுந்திச்சு." மாமியார் எட்டி மெஷினின் ப்ளக்கைக் கழற்றிவிட்டார்.

டைரக்ட் வயரைக் கழற்றி ட்ரிப் சுவிட்சைப் பழையபடி மாட்டினேன். நாளை ஏர்த் ரொட் கொண்டுவருகிறேன், அதுவரை மெஷினைத் தொடக்கூடாது என்றேன். மாமியார் பிளேன்டீ கொண்டுவந்தார். "குடிங்க மகன், குளிர்ல நின்னீக்கிறீங்க." இரண்டு மடக்கில் குடித்தேன்.

ரி. போனை எடுத்து, என் முன்னாலேயே அந்த நாலாயிரம் வீடியோவை அழித்தாள். அவளுடைய மற்ற எல்லா வீடியோவையும் சேர்த்தாலும் அதில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு செக்கன்கூட யோசிக்கவில்லை.

"அழிச்சிட்டேன். உங்கட?"

செய்யணும் என்றேன். அவள் பிளேன்டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதலாளி குடையை எடுத்தார்.

ஒக்டோபர் 11, சனி

வெயில். நிலம் ஈரம், ஏர்த் ரொட் சுலபமாக இறங்கியது. மோட்டாருக்குப் புது வயர். ரீடிங் சரி. ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை ரி.யை அமுக்கச் சொன்னேன். விழுந்தது. அவளாகவே இன்னும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். மாமியாரையும் கூப்பிட்டு அமுக்க வைத்தாள்.

வெறுங்காலோடு மெஷினில் கை வைத்தாள். வைப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன். ரீடிங் பார்த்தும், மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

இதை வீடியோ எடுப்போம், நானே பேசுகிறேன் என்றாள். ஏன், நான் பேசினால் என்ன என்றேன்.

"நீங்க பேசினா ஏசுற மாதிரி ஈக்குது அண்ணா."

உரசிய வயர், வெட்டுப்பட்ட ஏர்த், என் மீட்டர், அவள் கை, அவள் குரல். "நான் செஞ்சது பிழை. செத்திருப்பேன்" என்று தொடங்கினாள். அப்படிச் செய்து காட்டியது என் பிழை என்று மட்டும் நான் சொன்னேன். இரண்டு சேனலிலும் போட்டோம்.

ரி.யின் நம்பரைக் கடை முதலாளி மூலமாகத்தான் வாங்கினேன். அதுதான் முறை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. பூசை முடிந்து ஜெரோம் வீட்டுக்கே வந்துவிட்டான், பூசைச் சட்டையோடு. அவன் முன்னால்தான் அழித்தேன். அவனுக்குத் தெரியாமல் செய்திருக்கலாம். அது சரியில்லை.

"மூணு லட்சம்டா" என்றான். தேத்தண்ணி குடிக்காமல் போனான். அவனும் இரண்டு வருடம் உழைத்திருக்கிறான். தெரியும்.

புது வீடியோ: இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பத்து நான்.

பின்னேரம் தேடிப் பார்த்தேன். என் நாற்பது செக்கன் வேறு பக்கங்களில் இருக்கிறது. ஒன்றில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் படத்தைத் திருப்பிப் போட்டதில் என் வலக்கை இடக்கையாகியிருக்கிறது. ஒன்றில் சிங்களத்தில் எழுத்து. ஒன்று என்னுடையதைவிடக் கூட ஓடியிருக்கிறது. என் வீடியோவில் எச்சரிக்கையாவது எழுத முடிந்தது, அதைத்தான் அழித்திருக்கிறேன். இவற்றை அழிக்க எனக்கு வழி இல்லை. முறைப்பாடு போட்டேன். "பரிசீலிக்கிறோம்" என்று மெஷின் பதில்.

ஒரு போன் இருந்தால் யாரும் ஊருக்கே பேசலாம் என்று ஜெரோம் சொல்வான். பேசலாம்தான். சொன்னதைத் திருப்பி வாங்கத்தான் ஆள் போதாது.

ரி.க்கு மெசேஜ்: கொப்பிகள் இருக்கு. என்ன செய்ய?
பதில்: அதப் பாத்து செஞ்சவங்கள ஒவ்வொரு ஆளா கேப்போம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மேகம். மில் மோட்டார் ஒருவழியாக முடிந்தது. மில் முதலாளி தன் வீட்டு ட்ரிப் சுவிட்சையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். யாரோ டைரக்ட் பண்ணியிருந்தார்கள். போனில் பார்த்ததாம். யாருடைய வீடியோ என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். "ஆ" என்றார்.

கொப்பிகளுக்குக் கீழே "வேலை செய்யுது" என்று எழுதியவர்கள், நானும் ரி.யும் பிரித்துக்கொண்டது:

தலவாக்கலை – மெயின் நிறுத்தியாச்சு, பாஸ் நாளை வருவார் ✓
திருகோணமலை – தானே கழற்றிவிட்டார், படம் அனுப்பினார் ✓
சம்மாந்துறை – என்னிடம் ஏசினார். ரி. பேசினாள். இப்போது சரி ✓
திருப்பூர் – சும்மா எழுதினாராம், செய்யவில்லை ✓
கட்டார், கேம்ப் ரூம் – அங்கே இருக்கும் ரி.யின் மாப்பிள்ளை நேரில் போய்ப் பார்த்தார் ✓
உக்குவளை – நான் போனேன் ✓

ஜெரோம் காலையில் நாலு லிங்க் அனுப்பினான். புதுக் கொப்பிகள். ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால் அனுப்பினான்.

பட்டியலில் கடைசி ஒன்று. "சூப்பர் ப்ரோ. பாத்ரூம் ஹீட்டர் இப்ப சுவிட்ச் விழாம ஓடுது. புள்ளைங்க சுடுதண்ணியில குளிக்குதுங்க." எந்த ஊர் என்று கேட்டேன். நேற்றுக் கேட்டேன், இன்று மூன்று தடவை கேட்டேன். ரி.யும் கேட்டாள். பதில் வரவில்லை.

பெயர் இருக்கும் இடத்தில் ஏதோ இலக்கங்கள். படம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். வீடு எங்கே என்று தேட, அவர் ஒரு வீடியோகூடப் போட்டதில்லை.